கம்பியில்லா அலையும் கம்பி போட்டவரும்

இணையம் மந்தமாக இருக்கிறதென்று முறையிட்டால், 'உங்கள் ரௌட்டரில்தான் தோஷம்' என்று இணைப்புத் தந்தவரும், 'வருகிற கம்பியில்தான் கோளாறு' என்று ரௌட்டர் விற்றவரும் மாறி மாறிப் பழிபோடும் இக்காலத்தில், அவ்விவகாரத்தைத் தீர்க்க ஓர் எளிய உபாயம் உண்டு: கணினியை மோடத்துடன் கம்பியாலேயே நேராக இணைத்து வேகத்தை அளந்து பார்ப்பதுதான் அது. அங்கேயே வேகம் குன்றியிருந்தால் உங்கள் ரௌட்டர் நிரபராதி. இத்தனை பிரத்தியட்சமான சாட்சியத்துக்குப் பின்னும் நிறுவனத்தார் வாதாடுவார்கள் என்பது வேறு விஷயம்.

கம்பியில் குறைவில்லையாயின், ஆராய வேண்டியது ரௌட்டர் பரப்பும் கம்பியில்லா அலைகளின் சுபாவத்தை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவித் தூரம் செல்லுமாயினும், அண்டை வீட்டு ரௌட்டர்களும் புளூடூத் சாதனங்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வீதியில் நெருக்குவதால் அடிக்கடி தடுமாறுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ அதிவேகமுடையதாயினும் கான்கிரீட் சுவரைக் கண்டதும் சோர்ந்துவிடுகிறது. ஆகவே, ரௌட்டரை இரும்பு பீரோவின் பின்னே ஒளித்துவைக்காமல், வீட்டின் மத்தியில், சற்று உயரத்தில் வையுங்கள்.

சொந்தமாக வாங்கிய ரௌட்டர் இயங்க மறுத்தால், முதலில் பொருத்திய கருவியின் அடையாளமான மேக் முகவரியை நிறுவனத்தார் பதிந்துகொண்டு வேறெதையும் அனுமதியாதிருக்கக்கூடும். அம்முகவரியைப் புதியதில் பிரதி செய்யும் வசதி அநேக ரௌட்டர்களில் உண்டு. நிறுவனத்தாரிடம் எதை முறையிட்டாலும் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய அது தேவைப்படும்.