ஆட்டத்தின் சட்டமும் ஆட்டக்காரரின் பண்பும்

(சங்கத்தின் விளையாட்டுப் பரிசளிப்பின்போது ஆற்றிய உரை)



பரிசு வழங்கும் நாளில் பேச வருபவர், "வெற்றி தோல்வியைக் கருதாது விளையாடுங்கள்" என்று கூறி அமர்ந்துவிடுவது வழக்கம். அது நல்ல அறிவுரைதான். ஆயினும் களத்தில் நிற்பவனுக்கு அது பெரிதும் உதவுவதில்லை. வெல்ல வேண்டும் என்ற ஆவல் இல்லாதவன் ஆடவே வரமாட்டான். அவன் உள்ளத்தில் எழும் வினா வேறு. "சட்டம் எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது, அவ்வழியே சென்று வென்றால், அது நேர்மையா அன்றா?" என்பதே அவ்வினா. நம் காலனித் திடலில் மாலைதோறும் எழுகின்ற பூசல்களிற் பாதி இதைப் பற்றியதே. எனவே இவ்வினாவையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நேர்மையற்ற செயல் ஒன்றைக் கண்டால் "இது கிரிக்கெட் அன்று" என்று சொல்வது ஆங்கிலேயர் மரபு. ஓர் ஆட்டத்தின் பெயரே அறத்தின் பெயராக வழங்கியது வியப்பன்றோ? 1744ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வகுக்கப்பட்ட சட்டங்கள் இவ்வாட்டத்துக்கு உண்டு. அவற்றைக் காத்து வருவது லண்டன் லார்ட்ஸ் மைதானத்து எம்.சி.சி. என்னும் மன்றம். சட்டங்கள் மட்டும் போதா என்று கருதி, 2000ஆம் ஆண்டில் "ஆட்டத்தின் ஆன்மா" என்ற கருத்தை ஒரு முகவுரையாக எழுதிச் சட்டத் தொகுப்பின் தலைப்பில் அம்மன்றம் சேர்த்தது. அதற்கு முன்னின்று உழைத்தவருள் ஒருவர் காலின் கௌட்ரி. இங்கிலாந்து அணியின் தலைவராக விளங்கிய இவர் 1932ஆம் ஆண்டில் பிறந்தது நம் உதகமண்டலத்தில்தான்.

முகவுரை வந்தது, பூசல் தீரவில்லை. காரணம் யாது? சில நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். விடுதலை பெற்ற இந்தியாவின் அணி முதன்முதலாக ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. சிட்னி டெஸ்ட் பந்தயத்தில் வினூ மன்காட் பந்து வீச ஓடி வருகிறார். எதிர்முனையில் நின்ற பில் பிரௌன், பந்து கையை விட்டு நீங்குமுன்னரே கோட்டைக் கடந்து வெளியேறிவிட்டார். மன்காட் பந்தை வீசாமல் அம்முனையின் பெயில்களைத் தட்டிவிட்டார். பிரௌன் ரன் அவுட் ஆனார். அதே பயணத்தில் முன்னர் நடந்த ஒரு பந்தயத்தில், அதே பிரௌனை மன்காட் முதலில் எச்சரித்தார். மீண்டும் வெளியேறியபோது அவுட் செய்தார். அங்ஙனமிருந்தும் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் சில மன்காட்டின் பண்பைக் குறை கூறின. எதிரணித் தலைவரான டான் பிராட்மனோ, பின்னர் எழுதிய தம் நூலில் மன்காட்டின் பக்கமே நின்றார். பந்து வீசப்படும்வரை உள்ளே நிற்க வேண்டும் என்பது சட்டமாயிருக்க, அதைக் காத்தவர்மீது குற்றம் காண்பது எப்படி என்பது அவர் கருத்து.

ஆயினும் உலகம் என்ன செய்தது? அவ்வாறு அவுட் செய்வதற்கு மன்காட்டின் பெயரையே இட்டு, அதை ஓர் இழிசொல் ஆக்கியது. கோட்டைத் தாண்டியவர் பிரௌன். பழி சுமந்தவர் மன்காட்! திருடியவனை விட்டுவிட்டுக் கதவுக்குத் தாழிட்டவனை ஏசுவது போன்றதன்றோ இது?

இப்பழி நம் காலம்வரை தொடர்ந்தது. சென்னையின் அஸ்வின் 2012ஆம் ஆண்டில் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேயை இம்முறையில் அவுட் செய்து முறையிட்டார். நடுவர்கள் கலந்து பேசிக்கொண்டிருக்கையிலேயே, தலைமை தாங்கிய சேவாக் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்பந்தயத்தில் இலங்கையே வென்றது. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். பந்தயத்தில், அதே அஸ்வின் ஜோஸ் பட்லரை அவ்வாறே அவுட் செய்தார். இம்முறை தலைவர் அவரே, திரும்பப் பெறவில்லை. உலகெங்கும் வாதம் மூண்டது. இறுதியில் எம்.சி.சி. மன்றமே ஒரு திருத்தம் செய்தது. "முறையற்ற ஆட்டம்" என்ற பகுதியில் இருந்த இவ்விதி, 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் "ரன் அவுட்" என்ற பகுதிக்கு மாற்றப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து மன்காட்டின் மீதிருந்த கறையைச் சட்டமே துடைத்தது எனலாம்.

அப்படியானால் சட்டம் அனுமதிப்பதெல்லாம் நேர்மை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மெல்போர்னில் நடந்ததைக் கேளுங்கள். கடைசிப் பந்து; ஆறு ரன் எடுத்தால் நியூசிலாந்து சமன் செய்துவிடும். ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பல், பந்து வீச நின்ற தம் தம்பி டிரெவரை அழைத்து, பந்தைக் கையடியாகத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். தம்பி உருட்டினார். மெக்கெக்னி அதைத் தடுத்துவிட்டு மட்டையை வீசி எறிந்தார். அன்றைய விதிப்படி அதில் தவறில்லை; ஆஸ்திரேலியா வென்றது. ஆனால் இரு நாட்டுப் பிரதமர்களும் அதைக் கண்டித்தனர். வென்ற நாடே தன் வெற்றிக்கு நாணியது. பின்னர் அவ்வாறு வீசுவது சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது.

இவ்விரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவைதாம். ஒன்று நேர்மை, மற்றொன்று இழிவு என்று எதைக் கொண்டு பிரிக்கிறோம்? என் அளவுகோல் இது: அச்சட்டம் எதற்காக ஏற்பட்டதோ, அந்நோக்கத்துக்காக அதைப் பயன்படுத்துகிறோமா? எதிர்முனையில் நிற்பவர் முன்கூட்டி ஓடி, உரிமையில்லாத இரண்டடியைத் திருடாதிருக்கவே ரன் அவுட் விதி உண்டு. அதைப் பயன்படுத்திய மன்காட்டும் அஸ்வினும் சட்டத்தின் காவலர்கள். பந்து வீசும் விதியோ, அடிப்பவருக்கும் வீசுபவருக்கும் போட்டி நடப்பதற்காக ஏற்பட்டது. போட்டியே நடவாதபடி செய்ய அதைப் பயன்படுத்திய சாப்பல், சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கொன்றார்.

இவ்வளவுகோலைக் கொண்டு 2023ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் டில்லியில் நடந்ததையும் அளந்து பாருங்கள். உலகக் கோப்பைப் பந்தயம். இலங்கையின் மாத்யூஸ் களத்துக்கு வந்தபின் அவருடைய தலைக்கவசத்தின் வார் அறுந்தது. மாற்றுக் கவசம் வரச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் ஆயத்தமாகவில்லை என்று வங்காளதேசத் தலைவர் ஷாகிப் முறையிட, நடுவர்கள் அவுட் என்றனர். மாத்யூஸ் வேண்டியும் ஷாகிப் இசையவில்லை. 146 ஆண்டு சர்வதேச கிரிக்கெட்டில் இவ்வாறு அவுட் ஆனவர் அவரே முதல்வர். அவ்விதி காலத்தை வீணாக்கும் தந்திரத்தைத் தடுக்க வந்தது. அறுந்த வாருக்காக வந்ததன்று. வங்காளதேசம் வென்றது. ஆனால் ஆட்டம் முடிந்தபின் இலங்கை வீரர்கள் கைகுலுக்க முன்வரவில்லை.

இனி மறுபக்கத்தையும் காண்போம். 1980ஆம் ஆண்டில் பம்பாயில் பொன்விழா டெஸ்ட். 58 ரன்னுக்குள் 5 விக்கெட் இழந்து இங்கிலாந்து தத்தளித்தது. பாப் டெய்லர் அவுட் என நடுவர் விரல் உயர்த்திவிட்டார். மட்டையில் பந்து படவில்லை என உணர்ந்த நம் அணித் தலைவர் விசுவநாத், அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போதமும் சேர்ந்து 171 ரன் குவித்தனர். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. 1987ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் லாகூரில், கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்குத் தேவை இரண்டு ரன். கையில் ஒரே விக்கெட். எதிர்முனையில் சலீம் ஜாபர் வெகுதூரம் வெளியேறியிருந்தார். வால்ஷ் நினைத்திருந்தால் அக்கணமே வென்றிருக்கலாம். அவரோ நின்று, எச்சரித்துவிட்டுத் திரும்பிச் சென்றார். பாகிஸ்தான் வென்றது, மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்குச் செல்லவில்லை.

அப்படியென்றால், வால்ஷ் செய்ததை அஸ்வினும் செய்திருக்க வேண்டும் என்பீர்களோ? இங்கேதான் பலர் இடறுகின்றனர். வால்ஷ் செய்தது கொடை. கொடுப்பவன் தன் பொருளைத் தானே மனமுவந்து கொடுத்தால்தான் அது கொடை. பெறுபவன் "எனக்குக் கொடாதது உன் இழிவு" என்று அதட்டிக் கேட்பானாயின், அது வேறு பெயர் பெறும். 2023ஆம் ஆண்டு ஜூலையில், லார்ட்ஸ் மைதானத்தில், பந்து முடிந்ததென எண்ணிக் கோட்டைவிட்டு நடந்த பேர்ஸ்டோவை ஆஸ்திரேலியாவின் கேரி ஸ்டம்ப் செய்தார். சட்டப்படி அவர் அவுட். திரும்ப அழைத்திருந்தால் பெருந்தன்மை, அழையாதது குற்றமன்று. ஆனால் ஆட்டத்தின் ஆன்மாவை எழுதிய அம்மன்றத்தின் உறுப்பினர் சிலரே, உணவு இடைவேளையில் திரும்பிவந்த ஆஸ்திரேலிய வீரர்களைத் தம் கூடத்தில் ஏசினர். மூவரை மன்றம் விலக்கி வைக்க நேர்ந்தது. பண்பைப் பிறரிடம் கேட்டவர்கள் அதைத் தம்மிடம் இழந்தனர்!

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. இன்றைய வீரருக்கு ஆட்டம் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. தலைவர் ஒருவர் காட்டும் பெருந்தன்மைக்கு உடன் ஆடும் பதின்மரும் விலை கொடுக்கிறார்கள். விசுவநாத் தோற்றபோது அவர் மட்டுமா தோற்றார்? ஆதலால்தான் சட்டம் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. எதிரணி முறையிடாமல் நடுவர் யாரையும் அவுட் கொடுப்பதில்லை. முறையிட்ட பின்னும், நடுவரின் இசைவோடு அதைத் திரும்பப் பெறும் உரிமை தலைவர் ஒருவருக்கே உண்டு. பெருந்தன்மைக்கும் சட்டம் ஒரு வாயிலை வைத்து, அதன் திறவுகோலைப் பொறுப்புள்ளவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறது.

இளைஞர்களே! அறப்போர், மறப்போர் என்று போரையே பகுத்துப் பார்த்தவர் வழி வந்தவர்கள் நீங்கள். இத்திடலில் உங்களோடு ஆடுவோர் பல மொழி பேசுவோர். அவர்கள் நம்மை அறிவது நம் பேச்சைவிட நம் ஆட்டத்தைக் கொண்டுதான். ஆகவே மூன்று சொல்கிறேன். கோட்டுக்குள் நில்லுங்கள், நின்றால் உங்களை அவுட் செய்ய ஒருவராலும் இயலாது. வெளியேறி அகப்பட்டால், எதிரியின் பண்பைப் பேசாமல் திடலை விட்டு நடங்கள். சட்டம் உங்கள் கையில் இருக்கும்போது, அது எதற்காக வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். விட்டுக்கொடுக்கத் தோன்றினால் விட்டுக்கொடுங்கள், பின்னர் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை வீடு திரும்பியதும் "வென்றாயா?" என்று கேட்கிறோம். அதனோடு "எப்படி வென்றாய்?" என்றும் கேட்போமாக. இரண்டாம் கேள்விக்கு அவன் தயங்காமல் விடை சொன்னால், அதுவே சங்கம் இன்று வழங்கும் கோப்பையினும் பெரிய பரிசு.