சொட்டு மருந்தும் வதந்தியும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!



நம்மிடம் வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறை (49:6) கட்டளையிடுகிறது. அதை மறந்தால் என்ன நேரும்?

2003ஆம் ஆண்டு நைஜீரியாவின் கானோ மாநிலத்தில், போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி பரவியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அம்மாநிலம், சொட்டு மருந்து வழங்குவதையே நிறுத்தியது. பின்னர் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்று, 2004இல் மீண்டும் தொடங்கியது. அதற்குள் கிருமி எல்லை கடந்துவிட்டது. பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அதே இந்தோனேசியாவை 2005இல் அடைந்து, சுமார் 300 குழந்தைகளை முடக்கியது.

“அல்லாஹ் தந்த எதிர்ப்புச் சக்தியே போதுமே, மருந்து எதற்கு?” எனச் சிலர் கேட்கின்றனர். அச்சக்தி அல்லாஹ்வின் அருட்கொடைதான். சொட்டு மருந்து அதற்கு மாற்றன்று. வலுவிழக்கச் செய்த கிருமியைக் காட்டி, உண்மைக் கிருமி வரும்போது அடையாளம் கண்டு எதிர்க்க அச்சக்தியையே அது பழக்குகிறது.

ஆகவே, ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், கேள்விப்பட்டதையெல்லாம் பரப்பாதீர்கள். நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவோராக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.