ஒற்றாடலும் உள்ளங்கைக் கருவியும்



திருக்குறளில் கண்ணோட்டம் 58ஆம் அதிகாரம். அதனை அடுத்து 59ஆவதாக நிற்பது ஒற்றாடல். ஒருவரை அருளோடு பார்ப்பதும் ஒருவர் அறியாமல் பார்ப்பதும் இவ்வாறு பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பெற்றுள்ளன. இரண்டும் பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில் அமைந்தவை. ஒற்று என்பது அரசனுக்கு உரிய கருவி. இல்லறவியலில் வாழ்க்கைத்துணைநலம் உண்டு, மக்கட்பேறு உண்டு, விருந்தோம்பல் உண்டு, ஒற்றாடல் இல்லை. வீட்டுக்குள் ஒற்றனுக்கு இடம் தராத இந்த வைப்புமுறை எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏனெனில் இன்று ஒற்றன் வீட்டுக்குள் மட்டுமன்று, உள்ளங்கைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டான். திறன்பேசியில் என்னென்ன செயலிகள் நிறுவப்பட்டுள்ளன என்று தேர்ந்து காண்பதே இவ்வுரையின் பொருள். இலக்கிய வட்டத்து ஆண்டுவிழாவில் இது என்ன பொருள் என்று சிலர் வியக்கலாம். கருப்பொருளும் உள்ளுறையும் பயின்றவர்களுக்கு இது அயலான பொருள் அன்று.

இதே வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிர்ப்புறத் தெரு ஒன்றில், அறுபது வயதுத் தாய் ஒருவர் இருப்பதாகக் கொள்க. சென்னையில் பணிபுரியும் மகன் தான் பயன்படுத்திய திறன்பேசியைத் தாய்க்குத் தந்து செல்கிறான். ஆறு திங்கள் கழித்து வந்து பார்க்கையில் திரை முழுவதும் படங்கள். "ஏன்டா, இதையெல்லாம் யாரு போட்டது?" என்பது தாயின் கேள்வி. "நீதாம்மா எங்கியாவது அமுக்கியிருப்ப" என்பது மகனின் விடை. இரண்டு படத்தை அழுத்திப் பிடித்து நீக்கிவிட்டு அவன் பேருந்து ஏறிவிடுகிறான். தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்த ஆராய்ச்சி இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. அவன் நீக்கியவை செயலிகளா, திரையிலிருந்த படங்கள் மட்டுமா என்பதும் தெரியாது. பல பேசிகளில் முகப்புத் திரையிலிருந்து ஒரு படத்தை எடுத்துவிட்டாலும் செயலி உள்ளே இருந்த இடத்திலேயே இருக்கும்.

அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. நிலமும் பூவும் பறவையும் தொழிலும் கூறப்படும். ஆள் இன்னார் என்பது மட்டும் மறைக்கப்படும். அந்த மறைப்பினால்தான் ஒருத்தியின் துயரம் எல்லோருடைய துயரமும் ஆகிறது. செயலிப் பட்டியலும் கருப்பொருள் தொகுதி போன்றதே. தெய்வம் தெரியும்: எந்தக் கோயிலின் செயலி, எந்த மறையின் செயலி என்று. உணவு தெரியும், தொழில் தெரியும். மகப்பேற்று நாளைக் கணக்கிடும் செயலி ஒன்று, சர்க்கரை நோய்க்குறிப்புச் செயலி ஒன்று, வேலை தேடும் செயலி ஒன்று, கடன் செயலி இரண்டு; ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. ஆனால் அகப்பாடல் காத்த மறைப்பு இதில் இல்லை. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 54,893 பேரின் பட்டியல்களை ஆராய்ந்து 2015இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒருவரது பேசியிலுள்ள செயலிகளுள் ஏதேனும் நான்கு தெரிந்தால் போதும், 100க்கு 95 முறைக்கு மேல் அத்தொகுதியில் அவரைத் தனித்து அடையாளம் கண்டுவிடலாம் என்பது அம்முடிவு. பெயரைச் சுட்டாமலே ஆளைச் சுட்டும் வித்தை இது. தொல்காப்பியர் எண்ணியதற்கு நேர்மாறானது.

இப்பட்டியலை உரியவர் படிக்கிறாரோ இல்லையோ, பிறர் படித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். 2014 நவம்பரில் ட்விட்டர் நிறுவனம், பயனர்களின் பேசியில் உள்ள செயலிகளின் பெயர்களைத் தொகுக்கப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. விருப்பத்திற்கேற்ற விளம்பரம் காட்டுவதற்காம். ஆண்ட்ராய்டு பேசிகளில் ஒரு செயலி தன்னோடு குடியிருக்கும் பிற செயலிகள் அனைத்தின் பெயரையும் உரியவரைக் கேளாமலே பெறும் நிலை நெடுங்காலம் இருந்தது. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 அதற்கு வேலி கட்டியது. வேலியில் வாயில்களும் உண்டு. இன்ன இன்ன செயலி இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்க ஒரு வாயில். முழுப் பட்டியலையும் கேட்க மற்றொன்று. முழுப் பட்டியல் கேட்பவர் கூகுளுக்குக் காரணம் காட்டவேண்டும். பேசிக்கு உரியவருக்குக் காட்டவேண்டியதில்லை. புகைப்படக் கருவியைத் தொடவும் இருப்பிடம் அறியவும் 'அனுமதி' என்னும் கட்டம் திரையில் தோன்றுகிறதே, அப்படியொரு கட்டம் இதற்குத் தோன்றுவதே இல்லை.

துறவியின் வேடத்தில் செல்லும் ஒற்றனைப் பற்றி வள்ளுவர் பேசுகிறார். யாரும் ஐயுறாத வேடம் அது. இக்காலத்துத் துறவி வேடம் எது என்று கேட்டால் கைவிளக்குச் செயலி எனலாம். 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் ஏற்றும் ஊர் இது; விளக்கை ஐயுற இவ்வூராருக்குத் தோன்றுமா? அமெரிக்க நாட்டில் கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்ட ஒரு கைவிளக்குச் செயலி, ஒளி தருவதோடு நில்லாமல், ஆள் நிற்கும் இடத்தையும் விளம்பர நிறுவனங்களுக்குச் சொல்லிவந்தது. அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் 2013 டிசம்பரில் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. விளக்கெரிக்க இருப்பிடம் எதற்கு என்னும் எளிய கேள்வியை அதுவரை இறக்கிக்கொண்டோரில் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

நம் நாட்டில் இவ்வேடம் உயிரையே குடித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வருவாய் இழந்தோர்க்கு ஐயாயிரமும் பத்தாயிரமும் உடனே தருவதாகக் கடன் செயலிகள் முளைத்தன. நிறுவும்போதே தொடர்பு எண்கள் அனைத்தையும் அவை எடுத்துக்கொண்டன. தவணை தவறியதும் மாமன் மைத்துனர், உடன் பணிபுரிவோர், மணம் பேசிய வீட்டார் என அத்தனை பேருக்கும் இழிமொழிகளும் திரித்த படங்களும் சென்றன. மானம் போனபின் வாழ எண்ணாதோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் 2020, 2021ஆம் ஆண்டு நாளேடுகளில் தொடர்ந்து வந்தன. 2021 சனவரித் தொடக்கத்தில் சென்னைக் காவல்துறை, சீன நாட்டவர் இருவர் உள்ளிட்ட சிலரைப் பெங்களூரில் கைது செய்தது. ரிசர்வ் வங்கி அமைத்த குழு அவ்வாண்டின் முதல் இரண்டு திங்களில் ஆய்ந்து, இந்தியருக்குக் கிடைத்த கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100 என்றும் அவற்றுள் 600 சட்டத்திற்குப் புறம்பானவை என்றும் கண்டது. 2022 செப்டம்பரில் வந்த வங்கியின் நெறிமுறை, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடலாகாது என்று விலக்கியது. செயலியை நீக்கினால் தொல்லை நீங்கிவிடும் என்று பலர் நம்பினர். எடுத்துச் சென்ற எண்கள் செயலியோடு திரும்பி வருவதில்லை. ஆதலின் பட்டியலைப் பார்ப்பது இடர் வந்தபின் செய்யும் வேலை அன்று.

எவ்வாறு பார்ப்பது? ஓர் ஒற்றன் கொணர்ந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கவேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்றும் வள்ளுவர் முறை கூறுகிறார். திறன்பேசிக்கும் இம்முறையே பொருந்துவது வியப்புக்குரியது. முகப்புத் திரை முதல் ஒற்றன். அவன் சொல்வது அரைகுறை. பிளே ஸ்டோரில் வலப்பக்க மேல் மூலையிலுள்ள வட்டத்தைத் தொட்டு, ஆப்ஸையும் சாதனத்தையும் நிர்வகிக்கும் பகுதிக்குச் சென்றால் இரண்டாம் பட்டியல் கிடைக்கும். தன் வழியே வாராத செயலியை அது சொல்லாமல் விடலாம். மூன்றாவது, 'அமைப்புகள்' என்னும் பகுதியில் 'ஆப்ஸ்' என்பதைத் தொட்டு, எல்லாவற்றையும் காட்டுமாறு கேட்பது. முகப்பில் படம் காட்டாமல் ஒளிந்திருப்பதும் இங்கே பெயரளவிலேனும் அகப்படும். ஐயத்துக்குரிய பெயரைத் தொட்டால், எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் கீழே குறிக்கப்பட்டிருக்கும். பேசியோடு பிறந்த செயலிகள் விளங்காப் பெயர்களோடு சில பல இருக்கும். விளங்கவில்லை என்பதற்காக அவற்றை நீக்க முற்படுதல் கூடாது. ஐபோனில் திரைகளை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே சென்றால் இறுதியில் செயலி நூலகம் வரும். எல்லாம் அங்கே வகைபிரித்து இருக்கும்.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக்காட்ட அமைந்த 'அணுகல்தன்மை' என்னும் அரிய வசதி முதலாவது. அவ்வசதியைப் பெற்ற செயலி திரையில் எழுதப்படுவதைப் படிக்கவும் பொத்தான்களைத் தானே அழுத்தவும் வல்லது. வஞ்சகச் செயலிகள் விரும்பிக் கேட்பது இதனையே. மற்றொன்று, சாதன நிர்வாகி என்னும் உரிமை. நீக்க முயன்றும் நீங்காத செயலி இவ்வுரிமையைப் பற்றிக்கொண்டிருக்கும். முதலில் அதனை விலக்கியபின்பே செயலியை நீக்கமுடியும்.

வட்டத்து உறுப்பினர்கள் சிறப்பாக நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அழைப்பிதழ் இப்போது அஞ்சலில் வருவதில்லை, வாட்ஸ்அப்பில் வருகிறது. திருமண அழைப்பிதழ் என்னும் பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு பரவுவதாக 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேசக் காவல்துறை எச்சரித்தது. அது அழைப்பிதழ் அன்று, செயலியின் பொதி. தொட்டு நிறுவிவிட்டால் குறுஞ்செய்திகளைப் படித்து ஓ.டி.பி. எண்ணை வெளியே அனுப்பிவிடும். அறிந்தவர் எண்ணிலிருந்தே அது வரக்கூடும், அவரும் ஏமாந்தவராதலின். நூல் வெளியீட்டுக்கும் பாவரங்கத்துக்கும் நாள்தோறும் அழைப்புப் பெறுவோர் வேடத்தை இங்கே காண்பது எளிதன்று. படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ வாராத அழைப்பிதழை, அனுப்பியவரை அழைத்துக் கேட்டபின் திறப்பதில் இழுக்கில்லை. பணம் போய்விட்டதெனில் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

அரசும் பட்டியலில் கைவைத்ததுண்டு. 2020 சூன் 29 அன்று நடுவணரசு டிக்டாக் உள்ளிட்ட சீனத் தொடர்புடைய செயலிகளைத் தடைசெய்தது. அவற்றின் தொகை 59. ஒற்றாடல் அதிகாரத்தின் எண்ணும் அதுவே. தற்செயல்தான், எனினும் சுவையானது. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை மறுதலையான ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பேசியிலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் செயலியை முன்னரே நிறுவித் தரவேண்டும் என்பது அது. களவுபோன பேசியை முடக்கவும் போலிப் பேசியைக் கண்டறியவும் உதவும் செயலிதான். எனினும் கேளாமல் வைத்தல் முறையோ என்று நாடு முழுதும் வினா எழுந்தது. டிசம்பர் 3 அன்று அக்கட்டாயம் விலக்கப்பட்டது. நல்ல நோக்கம் உடையதேயாயினும் வீட்டார் அழைத்தபின் உள்ளே வருவதே விருந்து.

அரசினும் வணிகரினும் நெருங்கி நிற்கும் ஒற்றர் வேறு சிலர். மனைவியின் பேசியை அவள் உறங்கும்போது எடுத்துப் பட்டியல் பார்க்கும் கணவன். கல்லூரி செல்லும் மகளின் பேசியில் மறைசெயலி ஒன்றை இட்டு, அழைப்பையும் இருப்பிடத்தையும் தன் பேசியில் காணும் தந்தை. அன்பினால் செய்வதாகவே அவர்கள் சொல்வர். இத்தகைய மறைசெயலியை விற்ற ஸ்பைபோன் என்னும் நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே அமெரிக்க வணிக ஆணையம் 2021 செப்டம்பரில் விலக்கிவைத்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு இன்னும் பல வீடுகளின் வாயிலைக் கடக்கவில்லை. தன் பேசியில் அத்தகைய செயலியைக் கண்ட பெண், சினத்தில் உடனே நீக்கிவிடுதல் சில வேளைகளில் இடராகவும் முடியும். நீக்கியது வைத்தவனுக்குத் தெரிந்துவிடும். வேறொரு பேசியிலிருந்து 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைத்து, அதன்பின் செயற்படுதல் நன்று. சிறுவர் பேசியைப் பெற்றோர் பார்க்கவே கூடாது என்பதன்று. குழந்தையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அதன் கண்ணெதிரே, அதன் விடையையும் கேட்டுக்கொண்டு பார்ப்பது 58ஆம் அதிகாரத்தைச் சேர்ந்தது. ஒளிந்து பார்ப்பது அடுத்த அதிகாரத்தைச் சேர்ந்தது.

தமிழறிஞர்க்கு இதில் ஒரு கடமையும் காத்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கேட்போர் தரும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி எதிலும் பெறும் உரிமையை மக்களுக்கு அளிக்கிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. 2025 நவம்பரில் வந்த விதிகளின்படி இப்பகுதி பதினெட்டுத் திங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டது. ஆனால் அந்தத் தமிழை எழுதப்போவது யார்? இப்போது திரையில் தோன்றும் தமிழ் பெரும்பாலும் இயந்திரம் பெயர்த்தது. ஆங்கிலம் அறிந்தவருக்கே ஓரளவு விளங்குவது. 'அனுமதி' என்னும் ஒரு சொல்லை அழுத்துமுன், எதை, யாருக்கு, எவ்வளவு காலம் என்பது நான்கு வரியில் நல்ல தமிழில் இருந்தால், வேங்கிக்கால் தாய்க்கு மகன் பேருந்தேறி வரவேண்டியதில்லை. மரபுக்கவிதையில் நான்கடிக்குள் ஒரு பொருளை முற்றச் சொல்லப் பயின்றவர்கள் இந்த அவையில் இருக்கின்றனர். வணிகர் அவர்களை அழைக்கப்போவதில்லை. அவர்களே முன்சென்று எழுதிக்காட்டவேண்டும்.

அதுவரை அத்தாய் தம் பேத்தியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, 'அமைப்புகள்' பகுதியில் உள்ள பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கலாம். படிக்கப் படிக்க, "இது எதுக்கும்மா நமக்கு?" என்று பேத்தியை ஒவ்வொரு பெயருக்கும் கேட்கலாம். விடை கிடைக்காத பெயர்களைப் பழைய பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்கலாம்.