கடனில்லாமல் ஒரு கிறிஸ்துமஸ்



டிசம்பர் வந்துவிட்டால் பாளையங்கோட்டை, நாசரேத், தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு ஸ்டார் தொங்கும். ராத்திரியில் கேரல் ரவுண்ட்ஸ் போகிற பிள்ளைகளின் டிரம் சத்தம் கேட்கும். ஜவுளிக்கடையில் கூட்டம், பேக்கரியில் கூட்டம். இன்னொரு இடத்திலும் கூட்டம் இருக்கும். அதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை. அடகுக் கடையைத்தான் சொல்கிறேன். வளையலை வைத்து வாங்கிய பணத்தில் பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கிற வீடுகள் நம்மிடையே உண்டு. இந்த ஆண்டு கையைச் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்று இருப்பவர்களோடு கொஞ்ச நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

காசு எங்கே போகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தென்மாவட்டக் கிறிஸ்தவ வீட்டுக்குப் பண்டிகை ஒன்றல்ல, இரண்டு. இருபத்தைந்தாம் தேதி ஆராதனைக்கு ஒரு புதுத்துணி. முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவு ஆராதனைக்கு, புது வருஷம் பிறக்கிறதே என்று இன்னொரு புதுத்துணி. நாலு பேர் இருக்கிற வீட்டில் எட்டு உருப்படி ஆகிவிட்டது. தையற்கூலி, செருப்பு, கேக், ஆட்டுக்கறி, ஊருக்குப் போகிற பஸ் செலவு, ரவுண்ட்ஸ் வருகிற குழுக்களுக்குக் காணிக்கை எல்லாம் அதற்கு மேல். மூச்சு விடுவதற்குள் பொங்கல். டிசம்பர் சம்பளத்தைப் பண்டிகைக்கு முன்னாலேயே முன்பணமாக வாங்கிவிட்டால், அடுத்த சம்பளத்துக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும். ஜனவரி நடுவில் கைமாற்றுக் கேட்டு அலைவது இதனால்தான்.

இவ்வளவும் யாருடைய பிறந்தநாளுக்கு? லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை எல்லாரும் கேட்டிருப்போம். தொழுவம், முன்னணை, மேய்ப்பர்கள் என்று நாடகத்தில் வருகிற பகுதிவரை எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்த பகுதியை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. குழந்தையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே தாய் செலுத்த வேண்டிய காணிக்கை, நியாயப்பிரமாணத்தின்படி ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு பறவையும். ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு பறவைகளைக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமத்தில் ஒரு சலுகை இருக்கிறது. மரியாளும் யோசேப்பும் கொடுத்தது அந்தப் பறவைகளைத்தான். ஆடு வாங்க முடியாத குடும்பம் அது. அந்த வீட்டுப் பிள்ளை பிறந்ததைக் கொண்டாட நாம் கடன் வாங்கி ஆட்டுக்கறி எடுக்கிறோம்.

அதற்காகப் பண்டிகையன்று கஞ்சி குடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. குடில் வைக்கிற வழக்கத்துக்கு வித்திட்ட அசிசி பிரான்சிஸை நினைத்துப் பாருங்கள். 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்ற சின்ன ஊர். வைக்கோல் நிரப்பிய ஒரு தீவனத் தொட்டி, உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான் அவர் கேட்டது. தன்னுடையது என்று ஒரு காசுகூட வைத்துக்கொள்ளாத மனிதர் அவர். ஆனால் அவருடைய வரலாற்றை எழுதிய தாமஸ் ஒரு வேடிக்கையான செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தால் இறைச்சி சாப்பிடலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. இந்த நாளில் சுவர்களும் இறைச்சி சாப்பிட வேண்டும், அவற்றால் முடியாவிட்டால் மேலே பூசியாவது விட வேண்டும் என்றாராம் பிரான்சிஸ். பணக்காரர்கள் அன்று ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு போட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வைக்கோல் போட வேண்டும் என்பதும் அவருடைய ஆசை.

எளிமைக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள தூரம் அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று கிளம்புகிற பலர் முதலில் கை வைப்பது காணிக்கையிலும், அடுத்த வீட்டுக்குப் போகிற பலகாரத் தட்டிலும்தான். பிள்ளைக்கு இரண்டாவது உடுப்பு அப்படியே இருக்கும். என் கணக்கில் இது தலைகீழ். கண்ணுக்காகச் செய்வதை முதலில் குறையுங்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதைக் கடைசிவரை விடாதீர்கள்.

சொல்வது எளிது, ஊர் வாய்க்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் பக்கத்தில் அந்த வருஷம் ஒரு சாவு விழுந்த வீட்டில் பண்டிகை கிடையாது. ஸ்டார் தொங்காது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. சொந்தக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆக, செலவைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் நிறுத்தினால், "என்னக்கா, வீட்ல ஏதும் துட்டியா?" என்றுதான் தெருவில் கேட்பார்கள். மனுஷர் பயப்படுவது இந்த ஒரு கேள்விக்குத்தான். கடன் வாங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம் என்பேன்.

அதனால் ஸ்டாரைத் தொங்கவிடுங்கள். மூங்கில் சிம்பும் கலர் பேப்பரும் இருந்தால் வீட்டிலேயே கட்டிவிடலாம். போன வருஷத்து ஸ்டார் பரணில் இருந்தால் அந்த வேலையும் வேண்டாம். உள்ளே 40 வாட் குண்டு பல்பு போட்டு ராத்திரி முழுக்க, பன்னிரண்டு மணி நேரம், ஒரு மாதம் எரித்தால் 14 யூனிட்டுக்கு மேல் ஆகும். 5 வாட் எல்.இ.டி. என்றால் 2 யூனிட்கூட ஆகாது. குடிலுக்கு பைபர் பொம்மையும் பிளாஸ்டிக் புல்லும் எதற்கு? நனைத்த சாக்கில் செம்மண்ணைப் பூசினால் மலை. தேங்காய்ச் சிரட்டையில் இப்போதே கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வந்தால் பண்டிகைக்குப் பச்சைப் புல் தயார். ஒரு சவுக்குக் கிளையை நட்டால் அதுதான் மரம். இதை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். விடுமுறையில் அவர்களுக்கும் வேலை ஆயிற்று.

துணி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம். ஆளுக்கு ஒரு புதுத்துணி போதும். அதையே துவைத்து, தேய்த்து, முப்பத்தொன்றாம் தேதியும் உடுத்துங்கள். கோவிலில் யாரும் வாசலில் நின்று கணக்கெடுப்பதில்லை. பண்டிகை கழிந்த பிறகும் போடுகிற மாதிரி எடுங்கள். ஜரிகையும் கல்லும் வைத்த குழந்தை கவுன்கள் அடுத்த வருஷத்துக்குள் சின்னதாகிவிடும்.

கேக்கைப் பற்றிப் பேசினால் பேக்கரிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்கிறேன். டிசம்பர் முதல் வாரத்திலிருந்தே பள்ளியில் ஒரு செமி கிறிஸ்துமஸ், அலுவலகத்தில் ஒரு செமி கிறிஸ்துமஸ், சங்கத்தில் ஒன்று, தெருவில் ஒன்று. இருபத்தைந்தாம் தேதி வருவதற்குள் கேக்கைக் கண்டாலே பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பழைய ஒழுங்கு இதற்கு நேர் எதிர். திருவருகைக் காலம் என்பது காத்திருக்கிற காலம். கத்தோலிக்கக் கோவிலில் அந்த வாரங்களில் ஊதா நிற உடுப்பு. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியிலும் உன்னதங்களிலே கீதம் கிடையாது. பக்கத்துக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 1 முதல் 25 வரை நோன்பு. மீனும் இறைச்சியும் விலக்கு. இருபத்தைந்தாம் தேதி பந்தியில் உட்காரும்போது அந்தக் கறிக்கு வருகிற ருசியே தனி. ஒரு மாதம் வாயைக் கட்டினால் செலவும் தானாகக் குறையும், பண்டிகையும் பண்டிகையாக இருக்கும்.

கேக் வராத காலத்திலும் நமக்குக் கிறிஸ்துமஸ் இருந்தது. முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு. குமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்து. பேரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்த சிறுபயறும் வெல்லமும் தேங்காயும்தான். முறுக்குக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது? எண்ணெயும் கேஸும்தான் செலவு. அதற்கும் வழி உண்டு: "அக்கா, இந்த வருசம் ரெண்டு வீட்டுக்கும் சேத்தே சுடுவோமா?" என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஒரே சட்டி எண்ணெயில் இரண்டு வீட்டுப் பலகாரமும் முடிந்துவிடும். ஒருத்தர் பிழிய, ஒருத்தர் எடுக்க, வேலையும் பாதி. தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்குத் தட்டு அனுப்பியவர்கள் இருப்பார்கள், ரம்ஜானுக்குப் பிரியாணி தந்தவர்கள் இருப்பார்கள். அந்தத் தட்டுகள் வெறுமனே திரும்பக் கூடாது. பத்து முறுக்கு, நாலு அதிரசம் வைத்து அனுப்பினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பரிசு கொடுக்கிற பழக்கம் நம்மிடம் பெருகியது சமீபத்தில்தான். சென்னைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கும் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்ட் விளையாட்டு தெரிந்திருக்கும். சீட்டுக் குலுக்கி, யார் பேர் வருகிறதோ அவருக்கு மட்டும் ரகசியமாகப் பரிசு. இதைக் குடும்பத்துக்குள் கொண்டுவாருங்கள். பத்துப் பேர் உள்ள கூட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் வாங்கினால் தொண்ணூறு பரிசு. சீட்டுக் குலுக்கினால் பத்தே பத்து. விலைக்கும் ஓர் உச்சவரம்பு வைத்துவிடலாம்.

1993ல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கல்லூரி மாணவர்களிடம், உனக்கு வந்த பரிசு உன் கணக்கில் எவ்வளவு பெறும் என்று விசாரித்தார். கொடுத்தவர் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்பது அவர் கண்ட கணக்கு. நெருங்கிய சிநேகிதர்கள் கொடுத்ததில் வீண் குறைவு. தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்ததில் அதிகம். நம் பெரியம்மாக்கள் ரூபாய் நோட்டை மடித்துக் கையில் வைத்து, "பிடிச்சதை வாங்கிக்கோ ராசா" என்று சொல்வது பொருளாதாரப்படி சரியான காரியம் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் செலவைக் குறைப்பதைப் பிள்ளைகளிடம் ஒளித்துச் செய்யாதீர்கள். அப்பா அடகு வைத்தது தெரியாமல் வளர்கிற பிள்ளை அடுத்த வருஷம் இன்னும் கூடக் கேட்கும். இந்த வருஷம் நம்மிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதில் உனக்கு எது வேண்டும், ஒன்று சொல் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். பெரியவர்களுக்குத்தான் சொல்ல வாய் வராது.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டியே இல்லாத தவணை என்று டிசம்பரில் விளம்பரம் நிறைய வரும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணங்களின் பெயரில் வாடிக்கையாளர் தலையில்தான் வந்து விழுகிறது என்ற பொருளில் ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தெருவில் பிடிக்கிற பண்டிகைச் சீட்டு இன்னொரு கண்ணி. தெரிந்தவர்தானே என்று வருஷம் முழுக்கக் கட்டிவிட்டு, டிசம்பரில் அவர் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

அதைவிட இந்த மாதமே வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். தபால் அலுவலகத்தில் இருப்பது ஐந்து வருஷத் திட்டம், பண்டிகைக்கு உதவாது. மாதம் 500 ரூபாய் கட்டினால் அடுத்த டிசம்பரில் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். அந்தப் பணம் எவ்வளவோ, அதுதான் பண்டிகை. அதிலும் முதல் பங்கை எடுத்து, உங்கள் தெருவில் இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு எது என்று விசாரித்து, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் வீட்டுத் துணியும் கறியும் அதற்குப் பிறகு வரட்டும்.