எந்த 89?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஜப்பானிய மொழிபெயர்ப்பு என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, அந்த நாட்டில் சட்டங்களுக்கு நம்பர் போடும் முறை. "இதுல என்னப்பா இருக்கு?" என்பீர்கள். ஒரு பையனுடைய பாஸ்போர்ட் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், தொழிற்பயிற்சிக்காக ஜப்பான் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன். பயிற்சியாளரின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதி, பக்கத்திலேயே "சட்ட எண் 89, பிரிவு 48" என்று போட்டேன். ஆண்டைப் போடவில்லை.

ஒரு நாள் ராத்திரி ஃபோன். "சார், பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சிக்கிட்டாங்க. நீங்க எழுதின பிரிவைக் காட்டலாம்னு தேடிப் பார்த்தா, 'நீக்கப்பட்டது'ன்னு போட்டிருக்கு. அப்போ நமக்கு உரிமை இல்லையா சார்?"

எனக்குப் பகீரென்றது. அவன் பார்த்தது ஜப்பானின் சிவில் சட்டம். அதுவும் 89தான்! மெய்ஜி 29, அதாவது 1896ஆம் ஆண்டின் சட்ட எண் 89. அதில் 38 முதல் 84 வரையுள்ள பிரிவுகளை 2006இல் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் நீக்கிவிட்டார்கள். நான் சொன்னதோ பயிற்சியாளர்களைப் பாதுகாக்க வந்த சட்டம். ஹெய்செய் 28, அதாவது 2016ஆம் ஆண்டின் சட்ட எண் 89.

நம் கல்லூரி கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். ரோல் நம்பர் 89 எல்லா பேட்ச்சிலும் உண்டு, எல்லா டிபார்ட்மென்ட்டிலும் உண்டு. மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் கிடைப்பான். ஜப்பானிலும் அப்படித்தான். பேட்ச் என்பது பேரரசரின் சகாப்த ஆண்டு. டிபார்ட்மென்ட் என்பது சட்டத்தின் வகை: நாடாளுமன்றம் இயற்றினால் 'ஹோரித்ஸு', அமைச்சரவை பிறப்பித்தால் 'ஸேய்ரே', அமைச்சகம் போட்டால் 'ஷோரே', உள்ளாட்சி மன்றம் இயற்றினால் 'ஜோரே'. ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. ஆண்டு பிறந்தால் மறுபடி 1. அரசியலமைப்புச் சட்டத்துக்கு மட்டும் நம்பரே கிடையாது. பிரின்சிபாலுக்கு ஏது ரோல் நம்பர்?

ஆங்கில ஆண்டைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2019 மே 1இல் ஹெய்செய் முடிந்து ரெய்வா பிறந்தது. நம்பரும் 1இலிருந்து தொடங்கியது. அதனால் அந்த ஒரே ஆண்டில் இரண்டு 16ஆம் எண் சட்டங்கள். ஒன்று ஐனு பழங்குடி மக்களைப் பற்றியது, மற்றது அரசு நடைமுறைகளைக் கணினி வழிக்கு மாற்றுவது.

அன்று ராத்திரியே பையனுக்கு முழு எண்ணையும் சொன்னேன். மறுநாள் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். மூன்றாம் நாள் பாஸ்போர்ட் அவன் கைக்கு வந்தது. சட்டம் முதலிலிருந்தே அவன் பக்கம்தான் இருந்தது. நான் விட்ட ஒரு வரி அதை அவனிடமிருந்து மறைத்துவிட்டது.

அந்தக் கையேட்டை அந்த வாரமே திருத்திவிட்டேன். ஆனாலும் இன்றுவரை 89 என்ற எண்ணைப் பார்த்தால் என் கை ஒரு நிமிஷம் நிற்கும்.