குடித்தால் கோபம் தணியுமா?



போர் முடிந்து முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை நம் திருத்தணி என்பது நம்பிக்கை. அதன் அடிவாரத்தில் கோபம் தணிவதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

"கடன் தொல்லை, வேலை அலுப்பு. ரெண்டு கிளாஸ் போட்டாத்தான் மனசு அடங்குது" என்று பலர் சொல்கிறார்கள். அது பொய்யல்ல. முதலில் அடங்கத்தான் செய்கிறது. பிறகு என்ன ஆகிறது?

கோபம், பயம், ஆசை எல்லாம் மூளையின் உட்பகுதியில் எழுகின்றன. அவை வண்டி மாடுகள். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைதான் கயிற்றைப் பிடித்திருக்கும் வண்டிக்காரன். மது அந்த வண்டிக்காரனைத் தூங்க வைக்கிறது. தினமும் குடித்தால் மூளை மதுவுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. போதை இறங்கியதும் நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை. அதை அடக்க மறுபடி குடி. நேற்றைய குடி மூட்டிய தீயை இன்றைய குடி அணைக்கிறது, அவ்வளவுதான்!

நெடுநாள் குடித்தவர்களின் முன்மூளை சரிவர வேலை செய்யாததை மூளையைப் படம்பிடிக்கும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. குடியை விட்டு மாதங்கள் ஆக ஆக அது பலருக்குத் தேறுவதையும் காட்டுகின்றன. ஆகவே இது வியாதி, வைத்தியம் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1980-இல் சென்னையில் ஆரம்பித்த பணியே டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது.

தினமும் நிறையக் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை டாக்டரைக் கண்டு, அவர் சொல்படி நிறுத்த வேண்டும். 14416-க்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

குடிக்கத் தோன்றினால் வயிறாரச் சாப்பிடுங்கள். யாரிடமாவது பேசி அரை மணி நேரத்தைத் தள்ளுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடும்.

வீட்டுக்காரர் போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள் அம்மா. காலையில் தெளிந்ததும் பேசுங்கள். ஆனால் வியாதி என்பதற்காக அடி வாங்க வேண்டியதில்லை. அடித்தால் 181-க்குப் போன் செய்யுங்கள்.

மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு படி என்பார்கள். இன்று குடிக்கவில்லையா? ஒரு படி ஏறிவிட்டீர்கள். கால் இடறினாலும் அடிவாரத்துக்குத் திரும்ப வேண்டாம். இடறிய படியிலிருந்தே ஏறுங்கள்.