இன்னொரு வீட்டின் பிள்ளையாக
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நேபாளத்தில் தொண்டர் வைத்தியராகப் பணியாற்றிய அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருந்தீர்கள். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தேன் என்பதை விட்டு, நான் தங்கியிருந்த வீட்டைப் பற்றியே சொல்லப்போகிறேன். நான் விட்ட பிழையும் அந்த வீட்டில்தான் நடந்தது.

2015 ஏப்பிரல் 25 ஆம் திகதி நேபாளத்தில் 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். மலைக் கிராமங்களில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் சரிந்து போயின. அந்த ஆண்டு ஒக்ரோபரில், காத்மாண்டுக்கு மேற்கே உள்ள தாடிங் மாவட்டத்துக்கு மூன்று மாதப் பணிக்காகப் போனேன். ஒரு விவசாயக் குடும்பத்தார் தங்கள் தகரக் கொட்டிலில் எனக்கும் ஒரு கட்டில் போட்டுத் தந்தார்கள். எல்லையில் போக்குவரத்து முடங்கி, எரிவாயுவுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அந்த நிலைமையை இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அவரை 'தீதி', அதாவது அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'டாக்டர் சாப்' என்றார்.

வீடிழந்தவர்களின் அரிசியில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. கொண்டுபோன நூடில்ஸையும் பிஸ்கற்றையும் என் மூலையில் இருந்து சாப்பிட்டேன். அவர் சோறு போட வந்தால், "காணும், காணும்" என்று கையால் தட்டை மூடினேன். இரண்டு கிழமை இப்படிப் போனது. ஒருநாள், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் மகள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "எங்கட சாப்பாட்டில என்ன குறையெண்டு அம்மா கேக்கச் சொன்னா" என்பதுதான் அவள் சொன்னதன் பொருள்.

எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் எல்லோரும் நடந்தோமே, அதன்பின் தென்மராட்சியில் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் என் குடும்பம் மாதக்கணக்கில் இருந்தது. "கேட்டு வாங்கிச் சாப்பிடாதை, அந்தச் சனத்துக்குப் பாரமாயிருக்கக்கூடாது" என்பது அம்மாவின் கட்டளை. அந்த வீட்டு ஆச்சியோ அதைக் கேட்டுக் கோபித்து, என்னைக் குசினிக்குள் இருத்தித் தன் கையால் பிசைந்து தருவா. அம்மாவின் சொல்லை நான் மறக்கவில்லை. ஆச்சியின் கோபத்தை மறந்திருந்தேன்.

அன்று பின்னேரமே தீதியின் அடுப்படியில் போய்க் குந்தினேன். குரக்கன் மாவைக் கொதிநீரில் இட்டு, மரத்துடுப்பால் கிண்டித் திண்டோ செய்வார்கள். நம் களிக்கு உறவு. புளிக்கவைத்துக் காயவைத்த கீரையில் செய்த 'குந்துருக்' சாறு அதற்குத் துணை. கிண்டத் தொடங்கி என் கை நொந்தபோது தீதி விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் 'பஹினி', தங்கச்சி ஆனேன்.

ஒரு மாதம் கழித்து, மற்றவர்கள் படுத்தபின், நெருப்பைப் பார்த்தபடி ஒரு சொல் சொன்னார்: "ஆங் கஸ்யோ." உறுப்பு இறங்கிவிட்டது என்று பொருள். கருப்பை இறக்கம். கடைசிப் பிள்ளை பிறந்து சில நாட்களிலேயே நெற்றியில் பட்டி போட்டுக் கூடை சுமக்கப் போனவர். பதினொரு வருடமாக அந்த வேதனையோடு மலை ஏறி இறங்கியிருக்கிறார். கணவருக்கும் சொல்லவில்லை. என் சிகிச்சைக் கூடாரம் அவர் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அங்கே மொழிபெயர்ப்பவர் ஒரு இளைஞர். அவர் முன்னால் இதை எப்படிச் சொல்வார்? ஒரே கூரையின் கீழ் படுத்தெழும்பிய எனக்கும் தெரியாமல் இருந்ததே என்று அன்றிரவு நித்திரை வரவில்லை.

பெசரி எனப்படும் வளையத்தைப் பொருத்தினேன். அதைக் கழற்றிக் கழுவி மீண்டும் பொருத்தும் முறையை அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். நேபாளத்தில் 1988 முதல் பெண் சுகாதாரத் தொண்டர்கள் கிராமங்களில் பணிசெய்கிறார்கள். அந்த ஊர்த் தொண்டரிடம் தொடர்ந்து கவனிக்கும்படி ஒப்படைத்தேன். சத்திரசிகிச்சைக்கும் கடிதம் எழ்தினேன். "குரக்கன் வெட்டு முடியட்டும்" என்றார் தீதி. நான் புறப்படும்வரை வெட்டு முடியவில்லை.

வெளிநாடுகளுக்குத் தொண்டுசெய்யப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தங்கும் வீட்டை விடுதி என்று எண்ணாதீர்கள். அவர்கள் தருவதை வாங்கிச் சாப்பிடுங்கள்; பாத்திரம் கழுவுங்கள்; பத்துச் சொல்லாவது அவர்கள் மொழியில் பழகுங்கள். வாங்கத் தெரியாதவரிடம் யாரும் தங்கள் நோவைச் சொல்லமாட்டார்கள்.

இடம்பெயர்ந்த நாட்களில் நம் கல்லூரியும் வேறொரு பாடசாலையின் கட்டிடத்தில் பின்னேர வகுப்பு நடத்தியது. நாமும் விருந்தாளிகளாக இருந்து படித்தவர்கள். நூறு ஆண்டு கண்ட நம் கல்லூரித்தாய் நீடு வாழ்க.